அண்டாவும் கடுகளவுத் துளியும்

என் மனைவி எண்ணெயைப் பார்த்து உடை என்றால் உடையும். கடுகளவுக்கு உடை என்றால் கடுகளவுக்குத்தான் உடையும்; மிளகளவில் நின்றுகொள்ளத் துணியாது. இதைச் சொன்னால் சிலர் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். நான் பொய் சொல்லிப் பழகியதில்லை. சொல்லலாம் என்று வாயைத் திறக்கும்போதெல்லாம் உண்மை அதைவிடப் பெரிதாக வந்து நின்றுவிடும். நான் என்ன செய்ய?

நாங்கள் வேலை பார்த்த தொழிற்சாலையில் மணி செய்தார்கள். கழுத்தில் போடுகிற மணி அல்ல. தண்ணீரைச் சுத்தம் செய்கிற குழாய்களுக்குள் அடைத்து வைக்கும் பிசின் மணி. செய்முறை சுலபம். ஒரு பாத்திரத்தில் தண்ணீர், அதில் எண்ணெய் மாதிரி ஒரு திரவம். நடுவில் துடுப்பு சுழலும். எண்ணெய் துளித்துளியாக உடைந்து தண்ணீருக்குள் அலையும். அப்படியே சூடேற்றினால் ஒவ்வொரு துளியும் இறுகி ஒரு மணியாகிவிடும். துளி எந்த அளவோ மணியும் ஆயுசுக்கும் அந்த அளவு. பொடியாகப் போனால் குழாய் அடைத்துக்கொள்ளும். பெரிதாகப் போனால் அழுக்குத் தண்ணீர் மணிகளுக்கு நடுவே கைவீசிக்கொண்டு நடந்து போய்விடும். கடுகளவு வேண்டும், அவ்வளவுதான் விஷயம். அந்த அவ்வளவுக்குத்தான் அத்தனை பாடு.

என் மனைவி அங்கே கலவை அதிகாரி. படித்துப் பட்டம் வாங்கியவள். நான் பெல்ட் மாட்டுகிறவன், பெல்ட் ஓடும் புல்லிச் சக்கரத்துக்குக் கிரீஸ் வைக்கிறவன். தொழிற்சாலையில் அவள் சொன்ன பிறகு செய்வேன். வீட்டில் அப்படி இல்லை. வீட்டில் சொல்வதற்கு முன்பே செய்துவிடுவேன். வேலை நேரத்தில் என்னை "பெல்ட்காரரே" என்றுதான் கூப்பிடுவாள். புதிதாக வந்தவர்கள் எங்களுக்குள் பேச்சுவார்த்தை சரியில்லை என்று நினைத்துச் சமாதானம் செய்ய வந்ததும் உண்டு.

அவளுடைய தம்பியும் அங்கேதான். எண்ணெய்ப் பீப்பாய்களை உருட்டி வந்து பாத்திரத்தில் ஊற்றுவது என் மச்சினனின் வேலை. நல்லவன், ஆனால் எதையும் விளிம்போடு தலைதட்டி அளக்க வராதவன். வீட்டுக்கு வந்தவருக்குக் காபி கொடுத்தால் தட்டு நிறையக் கொட்டிக் கொடுப்பான். தலைதட்டி அளப்பது கஞ்சன் வேலை என்பது அவன் கொள்கை. அவன் காபி கொடுத்துத் தொடை வெந்துபோனவர்கள் இன்னும் ஊரில் இருக்கிறார்கள், கேட்டுப் பார்க்கலாம்.

சின்னப் பாத்திரத்தில் என் மனைவி பல வருஷம் பிசகில்லாமல் மணி எடுத்தாள். வாங்குகிறவர்கள் இன்னும் கொடு, இன்னும் கொடு என்று நின்றார்கள். அதனால் முதலாளி பெரிய பாத்திரம் ஒன்று செய்ய ஒத்துக்கொண்டார். அதன் வரைபடம் முழுக்க அவளுடையது. துடுப்பை மட்டும் நிஜ அளவிலேயே பார்க்க வேண்டும் என்று எங்கள் வீட்டுக் கூடத்துத் தரையில் சாக்பீஸால் வரைந்துவிட்டாள். அழிக்கக் கூடாது, மிதிக்கக் கூடாது. நாங்கள் துடுப்பின் ஓரமாகவே நடந்து, துடுப்பின் ஓரமாகவே சாப்பிட்டோம். வந்த விருந்தாளிகள் சுவரோடு ஒட்டிக்கொண்டு உட்கார்ந்து பேசிவிட்டுப் போனார்கள்.

பாத்திரம் வந்து நின்றபோது எல்லோரும் அதை அண்டா என்றார்கள். உள்ளே இறங்கி வேலை செய்த வெல்டர் பேசியது மேலே வந்து சேரவே நேரமாகும். காலையில் அவர் உள்ளே இருந்து முதலாளியைத் திட்டியது, மத்தியானம் அவர் மேலே ஏறி வந்து அதே முதலாளியிடம் பணிவாகப் பேசிக்கொண்டிருந்தபோது அண்டாவின் வாய் வழியாக வெளியே வந்தது. வெல்டர் அது எதிரொலி என்றார். முதலாளி நம்பினார். அவர் நம்புகிற ஆள். ஒரே ஒரு குறை, எதை நம்பினாலும் கடைசியில் ஒரு "ஆனா" போடுவார். அவருக்குப் பெயரே 'ஆனா' என்று ஆகிவிட்டது.

அண்டாவின் முதல் ஓட்டத்துக்கு அவர்தான் வேகம் குறித்தார். சின்னதில் எந்த வேகத்தில் நன்றாக வந்ததோ அதே வேகம்தான் பெரியதிலும் என்றார். என் மனைவி மறுத்தாள். துடுப்பு நீளமானது, அதே சுற்று சுற்றினால் அதன் நுனி பல மடங்கு வேகமாகப் போகும் என்று கணக்குப் போட்டுக் காட்டினாள். கணக்கு அவருக்கு ஏறவில்லை என்று தெரிந்ததும் எளிதாகச் சொன்னாள்.

"கை நீளமா இருக்கிறவன் அதே வேகத்துல கையை வீசுனா அறை பலமாத்தானே சார் விழும்? எண்ணெய் மாவா போயிடும்."

"நீ சொல்றது சரிதாம்மா," என்றார் முதலாளி. "ஆனா..."

அவர் வேகத்திலேயே ஓட்டினோம். கூரைத் தகரம் நடுங்கியது. சுவரில் இருந்த காலண்டர் தானாகவே மூன்று மாதம் முன்னால் போய்விட்டது. எனக்கு ஒரு பிறந்தநாள் அதில் போனது, இன்றுவரை வயதில் அதைக் கழித்தே சொல்கிறேன். மாலையில் அண்டாவைத் திறந்தால் மணி இல்லை, மாவு. அதுவும் சாதாரண மாவா? ஜன்னல் வழியாகக் கிளம்பிப் போய்த் தெருமுனை மாவு மில்லில் இறங்கிக்கொண்டது. மில்காரர் தன் இயந்திரம் ஓடாமலே மாவு கொடுக்கிறது என்று இரண்டு நாள் அதைத் தடவிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

தன் வேகம்தான் காரணம் என்று முதலாளிக்குத் தோன்றவில்லை. அண்டாதான் சரியில்லை என்றார். என் மனைவி வாதாடவில்லை; இன்னொரு முறை, தன் கணக்குப்படி ஓட்ட அனுமதி கேட்டாள். அவர் ஒற்றை விரலை நீட்டினார்.

"ஒரே ஒரு தடவை. வாங்குறவங்க ஆள் சல்லடையோட வந்து எதிர்லயே சலிச்சுப் பார்ப்பாரு. அதுவும் போச்சுன்னா அண்டாவை அறுத்துப் பழைய இரும்புக்குப் போட்டுடுவேன். நீ சாம்பிள் ரூமுக்குத் திரும்பிடும்மா."

சாம்பிள் ரூம் என்பது கண்ணாடிக் குழாய்களைக் கழுவி வரிசையாக நிறுத்தும் அறை. அவள் அங்கிருந்து ஏறி வந்தவள்தான். தரையில் படம் போட்டு, இரும்பில் எழுப்பி, தன் உயரத்தைப்போல் பல மடங்கு உயரத்துக்கு நிறுத்தியதை அறுத்துப் போடுவதை அங்கே இருந்து கேட்க வேண்டும் என்றால் எப்படி? அன்று வீட்டுக்கு வந்தவள் சாக்பீஸ் துடுப்பை ஒருமுறை சுற்றி வந்தாள். பிறகு என்னிடம், "வேகத்தைக் கம்மி பண்ணணும். பெரிய புல்லி மாட்டுங்க," என்றாள். அவ்வளவுதான். அவளுக்குப் பயமே இல்லை. பயத்தை எல்லாம் நான் ஒருவனே பட்டுக்கொண்டேன். குடும்பம் என்றால் வேலையைப் பகிர்ந்துகொள்ள வேண்டும்.

சோதனை நாள் காலையில் சல்லடைக்காரர் வந்தார். ஒல்லியான மனிதர். கக்கத்தில் இரண்டு சல்லடை. மேல் சல்லடையில் மணி தங்கினால் பெரிது; கீழ்ச் சல்லடையிலும் விழுந்துவிட்டால் பொடி. இரண்டுக்கும் நடுவே நிற்பதுதான் மணி. நாற்காலி போட்டும் உட்காரவில்லை. சிரித்தால் முகம் தேய்ந்துவிடும் என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்க வேண்டும்.

நான் மேலே ஏணியில் பெல்ட்டோடு இருந்தேன். அந்த நேரத்தில் கீழே என் மச்சினன் ஒரு காரியம் செய்தான். எனக்குப் பிறகுதான் தெரிந்தது. ஆனாலும் உங்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன், என் வயதில் ரகசியத்தைச் சுமந்துகொண்டு கதை நடத்த முடியாது. அக்கா சொன்ன அளவு எண்ணெயை ஊற்றிவிட்டு, அவன் சுற்றும் முற்றும் பார்த்தான். இது அக்காவின் நாள். வெளியாள் வந்திருக்கிறார். இன்றைக்குப்போய்த் தலைதட்டின அளவா? குவியல் பெரிதாக வந்தால்தானே அக்காவுக்குக் கௌரவம்? இன்னொரு பீப்பாயை உருட்டி வந்து அதையும் ஊற்றிவிட்டான். வேறு எந்த ஊழியனும் செய்திருக்க மாட்டான். வேறு எந்தத் தம்பியும் செய்திருக்க மாட்டான் என்று சொல்ல மாட்டேன்.

மோட்டார் ஓடத் தொடங்கியது. துடுப்பு அவ்வளவு மெதுவாகச் சுற்றியது. ஒரு ஈ தண்டின் மேல் உட்கார்ந்து ஊர் சுற்றிப் பார்த்துவிட்டு, தூக்கம் வந்து இறங்கிப் போனது. முதலாளி என் மனைவியின் பக்கத்தில் வந்து, இது எண்ணெயை உடைக்கிறதா, தாலாட்டுகிறதா என்று கேட்டார். அவள், துளி ஓர் அளவுக்கு வந்து நிற்க நேரம் பிடிக்கும், வந்தபிறகுதான் சூடேற்ற வேண்டும் என்றாள்.

நேரம் கொடுத்துவிட்டு, நீளமான கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் பிடித்து ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கினாள். பக்கத்தில் சின்னப் பாத்திரத்தின் நல்ல மணி போட்ட இன்னொரு குழாயைப் பிடித்துக்கொண்டாள். நான் ஏணியிலிருந்தே பார்த்தேன். ஒன்றில் கடுகு. மற்றதில் பட்டாணி. அதுவும் சும்மா இருக்கவில்லை. துளியும் துளியும் முட்டிக்கொண்டன; முட்டியவை ஒட்டி ஒன்றாகி இன்னும் பெருத்தன.

சல்லடைக்காரரும் அதைப் பார்த்துவிட்டார். கக்கத்திலிருந்த சல்லடைகளை அடுத்த கக்கத்துக்கு மாற்றிக்கொண்டார்.

"நான் அப்பவே சொன்னேன், வேகம் பத்தாதுன்னு," என்றார் முதலாளி.

என் மனைவி குழாய்களைக் கீழே வைத்தாள். அவள் யோசிக்கும்போது இடது கைவிரல்களை ஒவ்வொன்றாக மடக்குவாள். அன்றும் மடக்கினாள். வேகம், தன் கணக்கு. துடுப்பு, தன் படம். பசைத்தண்ணீர், தன் கையாலேயே கரைத்தது. இந்தப் பசைத்தண்ணீர் எதற்கு என்றால், ஒவ்வொரு துளிக்கும் ஒரு சட்டை போட்டுவிடத்தான். சட்டை போட்ட துளி முட்டினாலும் ஒட்டாது, விலகிப் போய்விடும். இங்கே ஒட்டுகிறது என்றால் பல துளிகள் சட்டை இல்லாமல் திரிகின்றன. ஒன்று சட்டை குறைந்திருக்க வேண்டும், இல்லை துளிகள் கூடியிருக்க வேண்டும். நான்காவது, எண்ணெய்; அந்த விரல் மட்டும் மடங்காமல் நின்றது.

"பெல்ட்காரரே, நிறுத்துங்க."

கூடமே திரும்பிப் பார்த்தது. நடு ஓட்டத்தில் துடுப்பை நிறுத்துவது என்பது எங்கள் தொழிலில் கெட்ட வார்த்தை. சூடேறிய பிறகு நிறுத்தினால் எல்லாத் துளியும் ஒன்றாகி அண்டா அளவுக்கு ஒரே மணியாக இறுகிவிடும். உளி வைத்துத்தான் எடுக்க வேண்டும். முதலாளி கையை நீட்டித் தடுத்தார். இன்னும் சூடு கொடுக்கவில்லை என்று அவள் சொன்னாள். நான் அவர் கையைப் பார்த்தேன், அவள் முகத்தைப் பார்த்தேன், சுவிட்சைத் தள்ளினேன். சம்பளம் கொடுக்கிறவர் அவர்தான். ஆனால் நான் வீட்டுக்குப் போக வேண்டியது அவளோடு.

அண்டாவின் பக்கத்தில் மேலிருந்து கீழ்வரை ஒரு கண்ணாடிப் பட்டை உண்டு, உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பதற்கு. துடுப்பு நின்றதும் துளிகள் மேலே ஏற ஆரம்பித்தன. பெரிய துளிகள் என்பதால் விறுவிறுவென்று ஏறின. கொஞ்ச நேரத்தில் கீழே தண்ணீர், மேலே எண்ணெய் என்று இரண்டும் தனியே நின்றன. கண்ணாடியில் தண்ணீருக்கு ஒரு கோடு, எண்ணெய்க்கு ஒரு கோடு என்று அவளே சிவப்பு மையால் போட்டு வைத்திருந்தாள். தண்ணீர் தன் கோட்டில் பிசகாமல் நின்றது. எண்ணெய் தன் கோட்டைத் தாண்டி நாலு விரற்கடை மேலே நின்றது.

அவள் யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பாமலே தெரியுமே, சின்ன வயதிலிருந்து அவன் ஊற்றிய காபியைக் குடித்தவள். என் மச்சினன் காலிப் பீப்பாய்க்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தான். பீப்பாய் அவன் இடுப்பளவுதான் இருந்தது. ஆனாலும் முழு ஆளும் அதன் பின்னால் ஒளிந்திருந்தான். எப்படி என்று கேட்காதீர்கள், கண்ணால் பார்த்தேன்.

"எண்ணெய் அதிகமா இருக்கே?" என்றார் முதலாளி. "யாரு ஊத்தச் சொன்னது?"

அந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்தால் அவனுக்கு அன்றோடு வேலை போகும், அண்டாவின் ஓட்டமும் அதோடு முடியும். வெளியாள் முன்னால் அளவு தெரியாத கூட்டம் என்று பெயர் வேறு. என் மனைவி கண்ணாடியிலேயே கண்ணை வைத்துக்கொண்டு சொன்னாள்.

"அண்டாவில இருக்கிறது எல்லாத்துக்கும் நான்தான் சார் பொறுப்பு. எண்ணெய் கூட இருக்கு. அதுக்கு ஏத்த தண்ணியும் பசையும் சேர்த்துக்கலாம்."

மேலே நிற்கும் எண்ணெயை அள்ளி எடுத்துவிடலாமே என்று அவர் கேட்டார். அந்த எண்ணெய் பசையைக் குடித்திருக்கிறது, அள்ளினால் எவ்வளவு பசை கூடப் போயிற்று என்று யாருக்கும் தெரியாது. தெரியாததை வைத்துக்கொண்டு மணி செய்ய மாட்டேன் என்றாள். பிறகு ஒரு துண்டு அட்டையில் கணக்குப் போட்டாள். எண்ணெய் எவ்வளவு கூடியதோ அதற்குச் சரியாகத் தண்ணீர், அதற்குச் சரியாகப் பசை. மச்சினனைக் கூப்பிட்டு அட்டையை நீட்டினாள். அவள் சொன்னது ஒரே வார்த்தை.

"தலைதட்டி."

அவன் ஊற்றியதைப் பார்க்க வேண்டுமே. ஒவ்வொரு வாளியின் விளிம்பையும் ஸ்கேல் வைத்து வழித்துவிட்டு ஊற்றினான். கடைசி வாளியில் ஒரு சொட்டு கூடிவிட்டது என்று அதை விரலால் எடுத்துத் தன் சட்டையில் துடைத்துக்கொண்டான். அண்டா கழுத்தளவு நிறைந்தது. அதற்கு மேலும் நிறைந்தது. விளிம்பைத் தாண்டிக் கொஞ்சம் தண்ணீர் காற்றிலேயே சாய்ந்து நின்றுகொண்டிருந்தது. யாரும் தும்மக் கூடாது என்று நான் உத்தரவு போட்டேன். அந்தத் தொழிற்சாலையில் நான் போட்ட ஒரே உத்தரவு அதுதான். முதலாளி உட்பட எல்லோரும் கீழ்ப்படிந்தார்கள்.

"பெல்ட்டை ஒரு படி ஏத்துங்க, வேகம் கூடட்டும்," என்றாள் என் மனைவி.

முதலாளிக்குத் துள்ளல் வந்துவிட்டது. "மெதுவா, மெதுவான்னு சொன்னவ நீதானேம்மா?"

"அப்போ இருந்த சரக்குக்கு அந்த வேகம். இப்போ துடுப்பு தூக்க வேண்டிய சுமை கூடியிருக்கு. ஒரே படிதான். ரெண்டு படி ஏத்துனா மறுபடியும் மாவு மில்லுக்குப் போயிடும்."

ஒரு படி ஏற்றினேன். மோட்டார் முனகியது, பிறகு ஒத்துக்கொண்டது. எண்ணெய் உடைய ஆரம்பித்தது. எண்ணெய் மஞ்சள், தண்ணீர் பளிங்கு; இரண்டும் கலந்தபோது கண்ணாடிப் பட்டை முழுவதும் பால் நிறமாகிவிட்டது. அவள் குழாயில் பிடித்தாள், தூக்கினாள், கொட்டினாள். காத்திருந்தாள். மறுபடி பிடித்தாள். பட்டாணி மிளகாயிற்று. மிளகு இளைத்தது. கடைசியில் இரண்டு குழாய்களையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, எது எந்தக் கையில் இருக்கிறது என்று தனக்கே சந்தேகம் வந்ததுபோல் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். முகம் மாறவில்லை. மூக்கு மட்டும் கொஞ்சம் உயர்ந்தது. எனக்கு அந்த மூக்கைத் தெரியும். அது உயர்ந்தால் விஷயம் முடிந்தது.

"சூடு விடுங்க," என்றாள்.

பிறகு பொழுது முழுக்க அதே வேகம், அதே சூடு. துடுப்பு சுற்றியது, துளிகள் இறுகின. மாலை வெயில் ஜன்னலில் இருக்கும்போதே அடிக்குழாயைத் திறந்தோம். தண்ணீரோடு மணி வந்தது. உருண்டு உருண்டு தொட்டியை நிறைத்து, அடுத்த தொட்டியை நிறைத்து, வராந்தாவுக்கு நடந்து, அங்கே கழற்றி விட்டிருந்த முதலாளியின் செருப்பில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

சல்லடைக்காரர் கையளவு காயவைத்து மேல் சல்லடையில் போட்டு ஆட்டினார். ஒன்றுகூடத் தங்கவில்லை. எல்லாம் கீழே விழுந்தது. கீழ்ச் சல்லடையை ஆட்டினார். ஒன்றுகூட விழவில்லை. சல்லடையைத் திருப்பிப் பார்த்தார், ஓட்டை அடைத்திருக்கிறதோ என்று. அடைக்கவில்லை. வேறு தொட்டியில் அவரே கை விட்டு அள்ளினார். அதுவும் அப்படியே. கடைசியில் ஒரு மணியை உள்ளங்கையில் வைத்து உருட்டிப் பார்த்துவிட்டு, "இதே மாதிரி எத்தனை கொடுத்தாலும் எடுத்துக்கறோம்," என்றார். அப்போது சிரிக்க வேறு செய்தார். முகம் தேயவில்லை.

முதலாளி தொட்டிகளை எண்ணிக்கொண்டு வந்தார். தான் எதிர்பார்த்ததைவிட அதிகம் என்று அவருக்குப் புரிந்தது. குரலே மாறிவிட்டது. அந்தக் கூடுதல் பீப்பாய் யாருடைய யோசனை, சொல்லுங்கள், பாராட்ட வேண்டும் என்றார்.

பீப்பாய்க்குப் பின்னாலிருந்து என் மச்சினன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வெளியே வந்தான். "நான்தான் சார்."

"காலையில கேட்டப்போ வாய் எங்கடா போச்சு?" என்றாள் அவன் அக்கா.

"அப்போ கேட்டது குத்தம் யாருதுன்னு அக்கா. இப்போ கேக்கறது வேற."

முதலாளி இனிமேல் எல்லா ஓட்டத்துக்கும் இதே நிறை அளவுதான் என்றார். அவள் முடியாது என்றாள். விளிம்பு வரை நிரப்பினால் ஒரு நாள் இல்லாவிட்டால் ஒரு நாள் தப்பும். தான் போட்ட கோடுதான் அளவு, அதற்கு மேல் ஒரு விரற்கடையும் கூடாது என்றாள். முதலாளி வாயைத் திறந்தார். ஆனா வரும் என்று எல்லோரும் காத்திருந்தோம். வரவில்லை. மூடிக்கொண்டு, கொஞ்சம் கழித்து, "சரிம்மா. அண்டா உன்னுது," என்றார்.

"அது எனக்கு வரைஞ்ச அன்னைக்கே தெரியும் சார். உங்களுக்குத்தான் இன்னைக்குத் தெரிஞ்சிருக்கு."

சொல்லிவிட்டுக் கையைக் கழுவப் போய்விட்டாள். நான் ஏணியில் நின்றபடியே கூடத்தைப் பார்த்தேன். அத்தனை பேரும் அவள் போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். புல்லிக்கு வைத்த இடத்திலேயே இன்னொரு முறை கிரீஸ் வைத்தேன். முதலில் வைத்தது பத்தாமல் இருந்திருக்கும்.

அன்று மாலை என் மச்சினன் ஒரு கை மணியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு எங்கள் தெருவில் வீடு வீடாகக் கதவைத் தட்டினான். ஒவ்வொரு வீட்டிலும், எங்க அக்கா செஞ்சது, ஒண்ணை எடுத்து இன்னொண்ணோட ஒப்பிட்டுப் பாருங்க, என்று நீட்டினான். திரும்பி வந்தபோது முகம் சுருங்கியிருந்தது.

"என்ன மாமா இது? எந்த வீட்டுக்குப் போனாலும் அவங்க மேஜையில ஏற்கெனவே ஒரு கிண்ணம் மணி இருக்கு."

இப்படியெல்லாம் தெருவில் போய்ப் பெருமையடித்துக்கொண்டு திரிவது நல்ல குடும்பத்துக்கு அழகில்லை என்று அவனைக் கண்டித்தேன். பிறகு அவன் பையில் மிச்சம் இருந்ததை வாங்கிக்கொண்டு பக்கத்துத் தெருவுக்குக் கிளம்பினேன்.